தண்ணீர் பார்க்கப் போன வீடுகள்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. பேனா அளவுக்கு ஒரு கருவி. அதை மீன் தொட்டிக்குள் தொங்கவிட்டால் தண்ணீரின் நிலவரம் முழுவதும் போனுக்கு வந்துவிடுமாம். இனிமேல் மாதாமாதம் ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்று ஒரு இளம்பெண் சிரித்த முகத்தோடு விளக்கினாள். கூடவே ஒரு வேண்டுகோளும் இருந்தது. புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக, நான் வீடு வீடாகப் போன காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டார்கள். எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தில் எழுத முடியாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அங்கே ஒருவரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

என் வேலை இதுதான். தில்லியில் சிலர் பால்கனியில் மீனையும் கீரையையும் ஒன்றாக வளர்க்கிறார்கள். கீழே தொட்டியில் மீன், மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டில் பாலக், புதினா, தக்காளி. மண் கிடையாது. மீன் கழிப்பதால் தண்ணீரில் அம்மோனியா சேரும். அது மீனுக்கு நஞ்சு. மோட்டார் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றும். கூழாங்கற்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சைச் செடிக்கு உரமாக மாற்றும். செடி உரத்தை எடுத்துக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மறுபடி மீனிடம் இறங்கும். சொல்ல எளிது. எங்கேயாவது ஒரு கண்ணி விட்டுப்போனால் மீன் சாகும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் பிறந்தது கரோல் பாகில். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. புசா ரோடில் தமிழ்ப் பள்ளி, பிறகு விலங்கியல் பட்டம், அதன்பின் ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே இளமை போயிற்று. ஒரு வருடம் புதுப்பிக்கவில்லை. அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தம்பி சென்னைக்குப் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. துவாரகாவில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிக்கொண்டு, பால்கனித் தொட்டிகள் அமைத்துத் தரும் புதிய கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அங்கேதான் மிர்சா சாரைப் பார்த்தேன்.

மிர்சா சார் மீன் மருத்துவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பின் எங்கள் கம்பெனிக்கு ஆலோசகராக வந்திருந்தார். பழைய தில்லிக்காரர். ஒல்லியான உடம்பு, வெயில் வந்த பிறகும் கழற்றாத கையில்லாத ஸ்வெட்டர். யாரிடமும் 'ஆப்', அதாவது 'நீங்கள்' என்று மரியாதையாகத்தான் பேசுவார். மீனும் அதற்கு விலக்கல்ல. "இவர் இன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை போலிருக்கிறது" என்று ஒரு தங்கமீனைக் காட்டிச் சொல்வார். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு வீட்டுக்குள் அவர் நுழையும் விதமே தனி. காலணியை வாசலில் விடுவார். தேநீர் வேண்டாம் என்பார். பையைத் திறக்க மாட்டார். மூடா என்கிற பிரம்பு இருக்கையை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருவார். அவர் நிழல் மீனுக்குப் பழகும் வரை அசையமாட்டார். செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, துடுப்பு விரிந்திருக்கிறதா, உடம்போடு ஒட்டியிருக்கிறதா, சுவரில் போய் உரசிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. அதை எல்லாருமே பார்த்துவிடுவார்கள். கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு மூலையில் நிற்கும் மீனைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டும் என்பார் அவர். நோய் அங்கேதான் முதலில் வரும்.

அடுத்து தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்ப்பார். நல்ல தொட்டித் தண்ணீரில் நனைந்த மண் வாசனை இருக்கும். அழுகல் வாடை வந்தால் கூழாங்கல் தட்டுக்கு அடியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் கண்ணாடிக் குழாய்கள் வெளியே வரும். குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு குப்பிகளிலிருந்து துளித்துளியாக மருந்து விட்டு, குலுக்கி, காத்திருக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. நிறத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க விடமாட்டார். குழாயைப் பால்கனிக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வீட்டில் என்ன நடந்தது?"

"என்ன செய்தீர்கள்?" என்று எங்களில் யாராவது கேட்டுவிட்டால் அவருக்குப் பிடிக்காது. அப்படிக் கேட்டால் எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள் என்பார். என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, அதற்காகக் கதவுக்குப் பெயின்ட் அடித்தோம் என்பார்கள். கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த காற்று மோட்டார் பெயின்ட் வாடையை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கும். அப்படி ஒரு வீட்டில் மீன்கள் போன காரணத்தை, கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே அவர் கண்டுபிடித்தார்.

மருந்து விஷயத்தில் மட்டும் அவர் கடுமையானவர். சாதாரண மீன் தொட்டியில் நோய் வந்தால் தண்ணீரில் மருந்தைக் கலந்துவிடலாம். எங்கள் தொட்டியில் அது முடியாது. மருந்து கீரைக்கு ஏறும், கீரை வீட்டாரின் தட்டுக்குப் போகும். உப்புகூடப் போடக்கூடாது, செடி கருகிவிடும். நோயாளி மீனை வலையில் எடுத்து, தனி வாளியில் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, மீன் சாய ஆரம்பித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். உப்பில் மீனை விட்டுவிட்டுப் போன் பேசியதற்காக ஒருவரை வேலையிலிருந்தே நிறுத்தச் சொன்னார்.

கரோல் பாகில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில்தான் நான் தண்ணீரின் ஒரு தந்திரத்தைக் கற்றேன். வீட்டு அம்மாவுக்கு மீன்கள் மேல் அவ்வளவு பிரியம். தில்லியின் நிலத்தடித் தண்ணீர் கடினமானது, அதை ஏன் மீனுக்குக் கொடுக்க வேண்டும் என்று, தாங்கள் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றிவந்தார். ஆர்.ஓ. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து எதுவும் மிஞ்சாது. நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்யத் தண்ணீர் புளித்துக்கொண்டே, அதாவது அமிலமாகிக்கொண்டே போகும். தாங்கிப் பிடிக்கச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஒரு கட்டத்தில் புளிப்பு அதிகமாகி நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் புளித்த தண்ணீரில் அம்மோனியா சாது. அதன் விஷம் அடங்கிக் கிடக்கும். மீன்கள் சோர்ந்து, ஆனால் உயிரோடு இருக்கும்.

அந்த வீட்டு மகன் போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, புளிப்பை எடுக்கச் சமையல் சோடாவைக் கரைத்துக் கொட்டினான். புளிப்பு போயிற்று. அடங்கிக் கிடந்த விஷம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லா மீனும் மிதந்தன. அந்த அம்மா எங்களைப் பார்த்து, நாங்கள் குடித்த தண்ணீரைத்தானே அவற்றுக்கும் கொடுத்தோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிர்சா சார் ரசாயனம் எதுவும் பேசவில்லை. உங்களிடம் இருந்ததில் நல்லதைத்தான் கொடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வலையை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளினார். ஆட்டோவில் திரும்பும்போதுதான் எனக்கு விளக்கினார். கெட்டுப்போன தண்ணீரைக் கெட்ட வேகத்தைவிட மெதுவாகத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்.

சில வருடங்களில் அவர் முழு ஓய்வில் வீட்டோடு இருந்துவிட்டார். நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். வருடக்கணக்கில் மற்றவர்களின் பால்கனிகளில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சும் டிவியும் கேட்கும். குழந்தை அழும். நான் குழாயைக் குலுக்கிக்கொண்டிருப்பேன். வேலை முடிந்ததும் 'தேங்க்யூ மேடம்' என்று கதவு வரை வருவார்கள். மெட்ரோவில் உட்கார்ந்ததும், காலையிலிருந்து தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் பார்த்த கடைசிப் பெரிய கேஸ் சென்னியப்பன் சாருடையது. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரோட்டுக்காரர். துவாரகாவில் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு அடுக்குமாடிச் சொசைட்டியில் இருந்தார். மனைவி இறந்து தனியாக இருந்தவருக்கு ஒரு பிடிப்பு வேண்டுமென்று பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கவிதா அந்தத் தொட்டியை அமைத்துக் கொடுத்திருந்தாள். தொட்டியில் கோய் கெண்டைகள். சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிதாக வளர்ந்திருந்தன. வீட்டு வேலைக்குத் தினமும் காலையில் சுனிதா வருவாள். அவரோ எல்லாவற்றிலும் ஒழுங்கு. செருப்பு, செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு.

குளிர் ஆரம்பித்த சமயத்தில் மீன்கள் அசையாமல் கிடக்கின்றன, இலைகள் மஞ்சளாகின்றன என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால் கரோல் பாக் கதையே மறுபடி. ஆர்.ஓ. தண்ணீர். புளிப்பு கடுமையாக ஏறியிருந்தது. அம்மோனியாக் குழாய் கரும்பச்சையாக நின்றது. இத்தனை அம்மோனியாவில் மீன்கள் உயிரோடு இருப்பதே அந்தப் புளிப்பால்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தீனியை முழுவதும் நிறுத்த வேண்டும். தினமும் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்து, அதே அளவு ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். புளிப்பு மாறக்கூடாது, அம்மோனியா மட்டும் குறைய வேண்டும். அது குறைந்த பிறகு, சிப்பி ஓட்டை நொறுக்கித் துணிப்பையில் கட்டி, தண்ணீர் திரும்பி விழும் இடத்தில் தொங்கவிட வேண்டும். சிப்பி தன்னால் கரைந்து, புளிப்பை மெல்ல மெல்ல இறக்கும். அவசரப்படாத ஆள் ஒருவர் தினமும் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். அலுவலகம் தினமும் போக ஒப்புக்கொள்ளவில்லை. வீடு பக்கத்தில்தானே என்று வேலைக்குப் போகும் வழியில் நானே தினமும் போனேன். பார்த்தால் போடத் தோன்றும் என்பதால் தீனி டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் நாள்தோறும் தமிழ் பேசினேன். அவர் என்னை 'அம்மணி' என்று கூப்பிட்டார். இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வைப்பார். மூடுபனியில் எதிர்க் கட்டடம் தெரியாது. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. எந்த அமைச்சகத்தில் எந்த அதிகாரி எப்படிக் கையெழுத்துப் போடுவார், எந்த பஸ் எங்கே நிற்காமல் போகும் என்பது போன்ற பேச்சுதான். ஆனால் காலையில் எழும்போதே, இன்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஏதாவது ஒன்று எனக்குள் தயாராக இருக்கும். அப்படி இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

குளிர் விலகும்போது தண்ணீர் தேறிவிட்டது. குழாய் மஞ்சளாக நின்றது. மீன்கள் துடுப்பை விரித்து நீந்தின. தீனி டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, காலையில் ஒரு சிட்டிகை, ஒரே ஒரு தடவை, அதற்குமேல் வேண்டாம் என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும். லிப்டில் இறங்கும்போது சந்தோஷப்பட வேண்டிய எனக்கு மனம் கனத்தது.

அடுத்த மாதம் போனபோது குழாய் மறுபடி பச்சை. இந்த முறை புளிப்பு இல்லாததால் விஷம் விழித்துக்கொண்டே இருந்தது. மீன்களின் துடுப்பில் ரத்தக் கோடுகள். பெரிய மீன் ஒன்று மூலையில் ஒதுங்கி நின்றது. உப்பு வாளியில் வைத்துப் பார்த்தேன், பிழைக்கவில்லை. கூழாங்கல் தட்டைக் கிளறினேன். அடியில் ஊறி உப்பிய தீனி உருண்டைகள் கூழாகக் கிடந்தன.

வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலீங்க அம்மணி. நீங்க சொன்ன மாதிரி காலையில ஒரு சிட்டிகை. அதுக்கு மேல ஒரு உருண்டை போடலீங்க" என்றார். பொய் சொல்லும் முகமில்லை அது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சுனிதாதான் மீன் மேல் ஆசைப்பட்டுப் போடுகிறாள் போலிருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளைப் பால்கனிக்குப் போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

சொல்லியும் அம்மோனியா இறங்கவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது சுனிதா லிப்ட் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். பாபுஜி தன்னை வேலையைவிட்டு நிறுத்தப்போவதாகச் சொல்கிறார் என்றாள். தான் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை என்றாள். ஒருநாள் காலையில் முழுவதும் உட்கார்ந்து நீங்களே பாருங்கள் மேடம் என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. அடுப்பில் பால் வைத்ததை அவர் மறந்துவிடுவதாகவும், ஒருநாள் தான் வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் புகையாக இருந்ததாகவும், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். தட்டைக் கழுவ வேண்டும், நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்தேன். அவர் வந்து, டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். மீன்கள் மேலே வந்து தின்றன. கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கற்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்து வைத்து, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"பேச்சு சுவாரஸ்யத்துல மீனுக்குத் தீனி போட மறந்தே போச்சு பாருங்க அம்மணி" என்று சொல்லி, அதே போல் டப்பாவைத் திறந்து, அதே அளவில் ஒரே ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

கற்களை மறுபடி அடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றே அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னபோது, வாடிக்கையாளர் தீனி அதிகம் போடுகிறார் என்று எழுதி கேஸை முடிக்கச் சொன்னார்கள். நம் வேலை தண்ணீர் வரைதான் என்றார்கள். கவிதாவின் நம்பர் என்னிடம் இருந்தது. போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். மகளிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெங்களூருக்கு வரச் சொல்லி அவள் பலமுறை கூப்பிட்டதையும், தன் வீட்டில் தன் சாவியோடு இருப்பேன் என்று இவர் மறுத்ததையும் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டால் சுனிதாவின் வேலை போகும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் போய்விட்டால் எனக்கும் பேச ஆளிருக்காது என்ற நினைப்பும் அந்த யோசனைக்குள் இருந்தது.

மிர்சா சாருக்குப் போன் செய்தேன். காது மந்தமாகிவிட்டதால் மெதுவாக, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் டாக்டர் இல்லை, நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள் என்றார். யாரிடம் சொல்வது என்று கேட்டேன். அது அவர் வீட்டில் நடந்தது, அவரிடம்தானே முதலில் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாள் போனேன். தேநீர் வைக்கப் போனவரை உட்காரச் சொன்னேன்.

"சார், நேத்து காலைல நீங்க மீனுக்கு ரெண்டு தடவை தீனி போட்டீங்க. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"நெசமாலுமா?"

"ஆமா சார்."

கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க பாத்தது ரெண்டு தடவை. நீங்க இல்லாதப்ப எத்தனை தடவையோ" என்றார். பிறகு, "கவிதாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

தலையை ஆட்டினார். "கொஞ்ச நாளா எனக்கே ஒரு சந்தேகமுங்க அம்மணி. படிச்ச பேப்பரையே மறுக்கா எடுத்து மொத வரியில இருந்து படிக்கிறேன். பாதியில வந்துதான் தெரியுது. அந்தப் புள்ள சுனிதா மேல பழியப் போட்டா எம் மனசுக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு. அதான் போட்டேன்."

அவர் குரல் அலுவலகத்தில் கோப்பைப் படிப்பது போல நிதானமாக இருந்தது. கை மட்டும் நாற்காலியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து சுனிதாவைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் எழுந்து நின்றார். தவறு என்னுடையது மகளே, உன்மேல் சொன்னது பொய், நீ எங்கேயும் போக வேண்டாம் என்று இந்தியில் சொன்னார். சுனிதாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பரவாயில்லை பாபுஜி என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

பிறகு போனை எடுத்தார். "நானே சொல்றேன். நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்க. நடுவுல மறந்துட்டன்னா எடுத்துக் குடுங்க" என்றார்.

மறக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக மகளிடம் சொன்னார். தீனி, பால், பேப்பர், சுனிதா. மறுமுனையில் கவிதா அழுவது எனக்கே கேட்டது. அழாத கண்ணு, இப்பத்தான் ஆரம்பம், மருந்து இருக்கும் என்று அவர்தான் அவளைத் தேற்றினார்.

கவிதா வந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பரிசோதித்தார்கள். ஆரம்ப நிலைதான், ஆனால் தனியாக இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெங்களூரில் மகள் வீட்டில் ஆட்கள் நடமாட்டம் இருக்கும், எனக்கு அது நல்லது என்று என்னிடம் சொன்னார். கவிதாவுக்கும் பக்கத்து ஃப்ளாட்காரர்களுக்கும் பேச்சு நடந்து சுனிதாவுக்கு அங்கேயே வேலை அமைந்தது.

தொட்டியைப் பிரித்தவள் நான்தான். அவர் மூடாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தியதும் பால்கனி சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்தத் தண்ணீர் விழும் சத்தம் அவ்வளவு நாளும் பேச்சுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. செடிகளைப் பிடுங்கி சுனிதாவிடம் கொடுத்தேன். மீன்களை என்ன செய்வது என்று கவிதா கேட்டாள். என் பால்கனியில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது என்றேன். அவர் ஒவ்வொரு மீனும் வலையில் ஏறும்போது எட்டிப் பார்த்தார். கடைசி மீன் அகப்படாமல் ஓடியது. நான் வலையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவசரமில்லீங்க அம்மணி என்றார்.

அதற்கப்புறம் சில மாதங்களில் நானும் ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரம் நான் வாய்திறந்து பேசியது காய்கறி வண்டிக்காரரிடம் மட்டும்தான். என் தண்ணீரை நானே சோதித்துக்கொள்கிறேன். குழாயில் மஞ்சள் நிறம் நிற்கும்போது மீன்களுக்காக மட்டும் நிம்மதி வருவதில்லை. தீனி ஒரு தடவைதான் போட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள, தனியாக இருப்பவளுக்கு வேறு சாட்சி ஏது?

ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதா போன் செய்து அப்பாவிடம் கொடுக்கிறாள். முதலில் அவர் ஒவ்வொரு மீனையும் பற்றித் தனித்தனியாக விசாரிப்பார். பிறகு தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டார். பிறகு என் பெயர் மறந்துபோயிற்று. தண்ணி பாக்க வர்ற ஆன்ட்டி அப்பா என்று கவிதா பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்கும். ஆமாமா, தெரியும் தெரியும் என்பார்.

சென்ற ஞாயிறு அவருக்கு நல்ல நாள் இல்லை என்று கவிதா முதலிலேயே சொல்லிவிட்டாள். காலையிலிருந்து யாரையும் அடையாளம் தெரியவில்லை, இரண்டு நிமிடம் பேசினால் போதும் ஆன்ட்டி என்றாள். போன் கைமாறியது. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். எந்த மீன் என்று கேட்டார். சொன்னேன். அதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, நீங்க சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டார்.

யாரென்று தெரியாத ஒருத்தியிடம்தான் கேட்டார். சாப்பிட்டேன் சார் என்றேன். நல்லதுங்க என்று சொல்லி அவர் போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. காலையில் குடித்த தேநீரோடு இருந்தேன். எழுந்து சமையலறைக்குப் போய் ஒருவருக்கு வேண்டிய அரிசியை அளந்து, களைந்து, அடுப்பில் வைத்தேன்.